பெருநன்கொடையும் ஆட்சிக்குழுவின் ஆயத்தமும்

நாட்டில் தொண்டு நிறுவனங்கள் பெருகியுள்ளன. அவற்றின் நிதித் தேவையும் பெருகியுள்ளது. ஆயினும் பெருந்தொகை நன்கொடையைத் திரட்டும் பொறுப்பு, பெரும்பாலும் செயலாளர் ஒருவரின் தலையிலேயே சுமத்தப்படுகிறது. ஆட்சிக்குழு உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றுவதோடு நின்றுவிடுகின்றனர்.

மாணவர் விடுதி ஒன்றின் செயலாளர் தம் அனுபவத்தை என்னிடம் கூறினார். விடுதியின் கூரையைப் புதுப்பிக்க அவர் ஒரு தொழிலதிபரை அணுகினார். தொழிலதிபர் இரண்டே கேள்விகள் கேட்டார். குழுவில் எத்தனை பேர்? அவர்கள் எவ்வளவு கொடுத்துள்ளனர்? முதல் கேள்விக்குப் பதினொருவர் என்று விடை சொல்ல முடிந்தது. இரண்டாம் கேள்விக்கு விடை இல்லை. அவ்வாண்டு மழைக்காலத்திலும் விடுதிக் கூரை ஒழுகியது.

முதற்கொடை குழுவினருடையதே

காசி இந்து பல்கலைக்கழகம் உருவான வரலாறு இங்கு நினைவுகூரத் தக்கது. மதன் மோகன் மாளவியா அதற்காக நாடெங்கும் சென்று நிதி திரட்டினார். அம்முயற்சியை முன்னின்று நடத்திய சங்கத்தின் தலைவரான தர்பங்கா மகாராஜா ராமேசுவர சிங், தாமே ஐந்து லட்சம் ரூபாய் அளித்ததுடன், மாளவியாவோடு பயணமும் செய்தார். 1915இல் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. 1916 பிப்ரவரி 4ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. பொறுப்பிலிருப்பவர் முதலில் கொடுத்த பின்னரே பிறரிடம் கேட்டார் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

எல்லா உறுப்பினரும் செல்வந்தராக இருக்க வேண்டுவதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் தரும் ஐந்நூறு ரூபாயும், வணிகர் தரும் ஐம்பதாயிரமும் அவரவர் சக்திக்கு ஏற்றவையே. விடுபட்டவர் ஒருவரும் இல்லை என்று சொல்ல முடிவதே முக்கியம்.

சட்டமும் கணக்கும்

அடுத்ததாக, கொடையாளர் கேட்கக்கூடியவற்றை ஒவ்வோர் உறுப்பினரும் அறிந்திருத்தல் வேண்டும். கொடையாளர் வருமான வரிச் சலுகை பெற, நிறுவனம் உரிய அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடையாது. புதிய வரிமுறையின் கீழ் வரி செலுத்தும் தனிநபருக்கும் இச்சலுகை இல்லை. இதை அறியாது வாக்களித்தால் பின்னர் நம்பிக்கை குலையும்.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, சட்டம் குறிப்பிடும் அளவை எட்டிய கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்நிதியைப் பெற்றுப் பணியாற்ற விரும்பும் நிறுவனங்கள், 2021 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்குத் தனிச் சட்டம் உண்டு. 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தை மீறலாகாது. தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் படித்து விளக்கக்கூடியவர் குழுவில் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது.

கேட்கும் முறை

மூன்றாவது ஆயத்தம், யார் யாரை அணுகுவது என்பதை முன்கூட்டியே வகுத்தல். கொடையாளரை அறிந்த உறுப்பினரும், பணியை அறிந்த செயலாளரும் இருவராகச் செல்வது நன்று. “இயன்றதைத் தாருங்கள்” என்பது கேட்பவரின் தயக்கத்தையே காட்டும். இன்ன பணிக்கு இவ்வளவு தொகை, இன்ன காலத்தில் முடியும் என்று தெளிவாகக் கூறுதல் வேண்டும். கேட்கக் கூசும் உறுப்பினர்கள், குழுக் கூட்டத்திலேயே ஒருவர் கொடையாளராகவும் மற்றவர் கேட்பவராகவும் இருந்து பேசிப் பழகலாம்.

நிறுவனத்தின் நோக்கத்தைத் திசைதிருப்பும் நிபந்தனையோடு வரும் பணத்தை மறுக்கவும் குழு முன்னரே முடிவு செய்திருக்க வேண்டும். பணம் கண்முன் வந்த பிறகு அத்தகைய முடிவு எடுப்பது எளிதன்று.

பெற்ற தொகை எவ்வாறு செலவாயிற்று என்ற விவரம், கொடையாளர் கேட்குமுன்பே அவரைச் சென்றடைய வேண்டும். இரண்டாம் முறை கேட்கும் தகுதியை அதுவே தரும். ஆகவே பெருநன்கொடை வேண்டும் என்று தீர்மானம் எழுதும் குழு, அதன் கீழேயே தன் உறுப்பினர் ஒவ்வொருவரும் தரும் தொகையையும் எழுதட்டும். ஆயத்தம் அங்கிருந்தே தொடங்குகிறது.