ரகசிய நிரலை எதிர்த்தரப்பு எப்படிப் படிக்கிறது?

கேள்வி: டிஎன்ஏ மென்பொருள் ஒன்றின் மூல நிரலைக் குற்றம் சாட்டப்பட்டவரின் நிபுணர் பார்க்கலாம் என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னதாகப் படித்தேன். ஒரு கம்பெனி ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதியதை வெளியே கொடுக்கச் சொல்வது நியாயமா? மென்பொருளை ஓட்டிப் பார்த்தாலே சரியா தப்பா என்று தெரிந்துவிடாதா?

– சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஒரே மூச்சில் இரண்டு நல்ல கேள்விகளைக் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீங்கள் படித்தது நியூஜெர்சி மாநிலத்தின் பிக்கெட் வழக்காக இருக்கும். பலருடைய டிஎன்ஏ கலந்து கிடக்கும் தடயத்தில் இன்னாருடையதும் இருக்கிறது என்பதற்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள் ‘ட்ரூஅலீல்’. அதன் மூல நிரலை, அதாவது புரோகிராமர்கள் கைப்பட எழுதிய கட்டளைகளை, எதிர்த்தரப்பு நிபுணர் பார்க்கலாம் என்று 2021 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். ‘பார்க்கலாம்’ என்றால் ‘வெளியே கொடு’ என்று பொருளில்லை. நீதிமன்றம் அனுமதித்தது ‘பாதுகாப்பு ஆணை’க்கு உட்பட்டுத்தான். யார் பார்க்கலாம், எங்கே, எப்படி, எதை வெளியே சொல்லக்கூடாது என்று நீதிபதி விதிக்கும் கட்டுப்பாடுதான் அது. மீறினால் நீதிமன்றத் தண்டனை உண்டு.

அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமாக இருக்கும்? டொயோட்டா கேம்ரி கார் கட்டுப்பாடின்றி வேகமெடுத்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், 2013-ல் ஒக்லஹோமாவில் சாட்சி சொன்னார் நிபுணர் மைக்கேல் பார். காரின் மென்பொருள் நிரலை அவர் படித்த இடம் சிறிய ஹோட்டல் அறை அளவுதான். உள்ளே இணைய இணைப்பில்லாத சில கம்ப்யூட்டர்கள், கூடவே ஒரு காவலர். காகிதம் கொண்டுபோக முடியாது; பெல்ட்டும் வாட்சும்கூட அணியக்கூடாது. ரகசியம் அந்த அறையைத் தாண்டாமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு.

இனி இரண்டாவது கேள்வி. ஓட்டிப் பார்ப்பது என்பது கணக்கின் கடைசி மொத்தத்தைப் பார்ப்பது போல. மொத்தம் மட்டும் பார்த்து எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போடமாட்டார், பேரேட்டைப் புரட்டுவார். நியூயார்க் நகரின் அரசு டிஎன்ஏ ஆய்வகம் ‘எஃப்எஸ்டி’ என்றொரு மென்பொருளை உருவாக்கிப் பல வழக்குகளில் பயன்படுத்தியது. 2016-ல் ஒரு கூட்டாட்சி நீதிபதியின் உத்தரவால் அதன் நிரல் எதிர்த்தரப்பு நிபுணர் கைக்கு வந்தது. சில சூழ்நிலைகளில் அது டிஎன்ஏ தரவின் ஒரு பகுதியைக் கணக்கிலிருந்தே விட்டுவிடுவதை அவர் கண்டார். வெளியே வரும் விடையில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை; நிரலைப் படித்ததால்தான் தெரிந்தது. 2017-ல் நீதிபதி பாதுகாப்பு ஆணையை விலக்க, ‘புரோபப்ளிகா’ செய்தி நிறுவனம் அந்த நிரலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது.

அப்படியானால் சண்டை எதைப் பற்றி? பெரும்பாலும் நிபந்தனைகளைப் பற்றித்தான். பிக்கெட் வழக்கில் நிபுணர் கையால் மட்டுமே குறிப்பெடுக்கலாம், ரகசியம் கசிந்தால் 10 லட்சம் டாலருக்குப் பொறுப்பு என்றெல்லாம் முன்வைக்கப்பட்டது. நிரலோ ஏறத்தாழ 1,70,000 வரி. மணிக்கு 10 வரி படித்தால் எட்டரை ஆண்டு ஆகும் என்று மென்பொருளை உருவாக்கியவரே கணக்குச் சொன்னார். உண்மையில் எந்த நிபுணரும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பதில்லை. சந்தேகமுள்ள கணக்கைத் தேடிப் பிடித்து, அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பின்தொடர்வார். தேடும் கருவி இல்லையென்றால் அந்த வேலை நடக்காது. அனுமதி ஏட்டோடு நின்றுவிடும்.

ஆகவே, கம்பெனியின் உழைப்பைக் காப்பதும் நியாயம்தான். ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய கணக்கைச் சரிபார்க்கவிடுவதும் நியாயம்தான். இரண்டையும் ஒரே அறைக்குள் வைக்கத்தான் அந்த ஆணை. நாளை நீங்கள் கறுப்பு அங்கி அணிந்து இப்படியொரு வழக்கை ஏற்றால், ஆணையில் கையெழுத்திடும் முன்பே நிபுணரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகப் படியுங்கள். தேடும் கருவி உண்டா, எத்தனை பக்கம் அச்செடுக்கலாம், எத்தனை நாள் அவகாசம் என்று கேளுங்கள். உங்கள் கட்சிக்காரருக்குக் கிடைத்த உரிமை கைக்கு எட்டுமா என்பது அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.