பந்து இல்லாதவனைப் பாருங்கள்

கோவில்பட்டியில் பிறந்தவனுக்கு ஹாக்கி பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இங்கே ஒரு நினைப்பு உண்டு. ரசிக்க அது போதும். பதினாலு வயதுப் பயல் ஒருவனைப் பார்த்து, இவன் நாளைக்கு எதுவரைக்கும் போவான் என்று கணிப்பது வேறு வேலை. அந்தப் பித்துப் பிடித்து காலரிக்கு வர ஆரம்பித்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இதைச் சொல்கிறேன்.

1. கோப்பை ஆட்டம் மட்டும் பார்த்துவிட்டு வந்து பேசாதீர்கள். கோடையில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு வெளியூர்களிலிருந்து பெரிய அணிகள் வரும், ஊரே திரண்டு போகும். போங்கள், நானும் வருவேன். ஆனால் அவர்கள் வளர்ந்து முடிந்தவர்கள். வளர்கிற பயலைப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடப் போட்டிக்குப் போக வேண்டும். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று அது ஏறும். இன்னொரு பக்கம் சப் ஜூனியர், ஜூனியர் என்று மாநில அணித் தேர்வு, அதைத் தாண்டினால் தேசியப் போட்டி, அதற்கும் மேலே பெங்களூரு சாய் மையத்தில் முகாம். ஜூனியர் ஆண்கள் தேசியப் போட்டி 2021 டிசம்பரிலும் 2022 மே மாதத்திலும் அடுத்தடுத்து நம்ம ஊரிலேயே நடந்தது. இனி அப்படி ஒன்று வந்தால் பைனலுக்குக் காத்திருக்காமல் லீக் ஆட்டத்துக்கே போய்விடுங்கள். பத்துப் பன்னிரண்டு கோல் விழுகிற ஒருதலை ஆட்டத்திலும் பார்க்க ஆள் உண்டு: தோற்கிற அணியின் ஃபுல் பேக். எட்டாவது கோலுக்குப் பிறகும் அவன் டேக்கிளுக்கு இறங்குகிறானா என்று பாருங்கள்.

2. பந்தைப் பார்க்காதீர்கள். இது ஒன்றைப் பழகினால் பாதி வேலை முடிந்தது. பந்து வலது ஓரத்தில் இருக்கும்போது இடது ஹாஃப் என்ன செய்கிறான்? இடுப்பில் கைவைத்து நிற்கிறானா, உள்ளே நகர்ந்து தன் ஆளையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறானா? பந்து வந்து சேருமுன் கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்கிற பயலைக் கண்டால் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவன் பந்தை வாங்கும்போதே உடம்பு பாதி திரும்பியிருக்கும். அடுத்த தட்டு எங்கே என்று அவனுக்குத் தெரியும். பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கி, அப்புறம் யோசிப்பவன் பள்ளிக்கூட மட்டத்தில் தப்பித்துக்கொள்வான். மேலே போனால் அந்த ஒரு நொடியை யாரும் தர மாட்டார்கள்.

பறிகொடுத்த பிறகு வருகிற நாலைந்து எட்டும் முக்கியம். தலையில் கைவைப்பவன் உண்டு, அம்பயரைப் பார்த்து மட்டையை விரிப்பவன் உண்டு, பேசாமல் திரும்பி ஓடுபவன் உண்டு. நாலாவது குவார்ட்டரிலும் மூன்றாமவன் மூன்றாமவனாகவே இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பதினைந்து பதினைந்து நிமிஷமாக நாலு குவார்ட்டர், இஷ்டத்துக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்றான பிறகு களைப்பை ஒளித்துக்கொள்வது சுலபம்.

3. தரையைக் கணக்கில் எடுங்கள். கரிசலில் நேராக ஹாக்கி ஆட முடியாது. மழையில் காலை விடாது, கோடையில் வெடித்துக் கிடக்கும். சரளை கொட்டிச் சமப்படுத்திய திடலில்தான் நம் பயல்கள் முதல் மட்டையைப் பிடிக்கிறார்கள். கல்லில் பட்டு எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரியாத பந்தை அடக்கி அடக்கி அவர்கள் மணிக்கட்டு இளகிவிடும். அது சொத்து. ஆனால் அந்தத் துள்ளலுக்குப் பயந்து நிமிர்ந்து நிற்கிற பழக்கமும் கூடவே வந்துவிடும். தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து துள்ளாது, வழுக்கிக்கொண்டு வரும். முழங்காலை மடக்கி மட்டையைத் தரையோடு வைக்காதவனைத் தாண்டிப் போய்விடும். சரளையில் ராஜாவாக இருந்தவன் டர்ஃபுக்குப் போன புதிதில் தடுமாறினால், அவ்வளவுதான் என்று எழுதிவிடாதீர்கள். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை போட்டபோது இந்திய அணியே ஏழாவது இடத்துக்குப் போனது. ஒரு பருவம் பொறுங்கள். அப்புறமும் குனியாவிட்டால் பேசலாம்.

4. கோல் கணக்கை நம்பாதீர்கள். சின்ன வயதுப் போட்டியில் ஒரு பயல் நாலு கோல் போட்டான் என்று பேப்பரில் வந்தால், எத்தனை பெனால்டி கார்னரில் வந்தது என்று முதலில் கேளுங்கள். கார்னரில் தள்ளுபவன், நிறுத்துபவன், அடிப்பவன் என மூன்று பேர் உண்டு. பெயர் மூன்றாமவனுக்கு. முதல் அடி ஹிட்டாக இருந்தால் பந்து கோலின் பலகை உயரமான 460 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. டிராக் ஃப்ளிக்குக்கு அந்தத் தடை இல்லை. அதனால் மட்டை பிடித்த ஒவ்வொரு பயலுக்கும் ஃப்ளிக்கர் ஆகிற ஆசை. முதுகும் இடுப்பும் முற்றாத வயதில் நாள் முழுக்க அதையே இழுத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. நீங்கள் நிறுத்துபவனைப் பாருங்கள். வேகமாக வருகிற பந்தை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் செத்தாற்போல நிறுத்துகிறவன் கை நல்ல கை. அந்தக் கை நடுக்களத்திலும் உதவும்.

5. உயரத்தில் மயங்காதீர்கள். பதினாறு வயதுக்குள்ளான போட்டியில் மீசை முளைத்தவன் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போவான். மற்றவர்கள் வளர்ந்ததும் அவனிடம் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

6. விடுதியை விசாரியுங்கள். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் எஸ். மாரீஸ்வரன், எஸ். கார்த்தி என்று இரண்டு தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இந்திய அணியில் ஆடினார்கள். மாரீஸ்வரன் நம்ம ஊர். கார்த்தி அரியலூர்ப் பிள்ளை. ஆனால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோவில்பட்டி விடுதியில் தங்கிப் பழகியவர், அந்த உரிமையில் நாமும் சொந்தம் கொண்டாடிக்கொள்கிறோம். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டம் 1-1. இந்தியாவின் அந்த ஒரு கோல் ஒன்பதாவது நிமிஷத்தில் கார்த்தி பெயரில் விழுந்தது. கடைசியில் ஜப்பானை 1-0 என்று ஜெயித்து வெண்கலத்தோடு வந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அணியில் இருவரில் கார்த்தி மட்டும்தான் இருந்தார். மலேசியாவை 5-0 என்று அடித்த லீக் ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. ஒரே மைதானம், ஒரே பயிற்சி, ஒரே வருஷத்தில் ஒரே அணி. அதற்குப் பிறகு ஆளுக்கொரு பாதை. எனக்குத் தெரியும், இவன்தான் வருவான் என்று பதினைந்து வயதிலேயே சத்தியம் செய்கிறவர்கள் டீக்கடைதோறும் இருக்கிறார்கள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

விடுதியில் வருஷா வருஷம் யார் சேர்கிறார்கள், எந்த மாவட்டத்திலிருந்து, எந்த இடத்தில் ஆட என்று தெரிந்துவைத்துக்கொண்டால், அடுத்த சில வருஷத்து மாநில அணி ஓரளவு உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கும்.

7. நோட்டுப் போடுங்கள். அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே ட்ரிபிள் ஏ, டபுள் ஏ, ஹை ஏ, சிங்கிள் ஏ என்று படிப்படியாக அணிகள் உண்டு. கடைசிப் படியில் நிற்கிற பொடியன் எத்தனை பந்தை அடித்தான், எத்தனையை விட்டான் என்பது வரை எழுதிவைத்திருப்பார்கள். நமக்குக் குறுவட்டப் போட்டி முடிந்தால் மிஞ்சுவது ஜெயித்த பள்ளியின் பெயரும் ஒரு குரூப் போட்டோவும்தான். நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, தரை சரளையா டர்ஃபா, எந்த இடத்தில் ஆடினான், எதிரணி எப்படி, அவன் செய்ததில் கண்ணில் பட்ட ஒரே ஒரு காரியம். ‘நல்ல ஆட்டம்’ என்று எழுதினால் ஆறு மாசம் கழித்து உங்களுக்கே ஒன்றும் புரியாது. ‘இடது பக்கம் வந்த பந்தை ரிவர்ஸில் நிறுத்தினான், இரண்டு தடவை காலில் பட்டது’ என்று எழுதினால், அடுத்த முறை அது தேறிவிட்டதா என்று பார்க்கலாம்.

8. இந்தியாவுக்கு ஆடாதவன் தோற்றவன் இல்லை. வெளியூர்க்காரர்கள் எழுதும்போது இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்கும் மானாவாரிக் காட்டுக்கும் போகிற வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இவர்கள். உளுந்தும் பருத்தியும் ஐப்பசி மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிற பூமியில், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு ரயில்வே வேலையோ ராணுவமோ போலீஸோ பாங்க்கோ கிடைத்தால் அந்த வீட்டுக்கு அதுவே பதக்கம். ஒரு பயலைப் பற்றிக் கேட்டால், ‘செலக்‌ஷன் கிடைத்ததா’ என்பதோடு நிறுத்தாமல், ‘டிகிரி முடித்தானா, டிரையல்ஸுக்குப் போனானா’ என்றும் கேளுங்கள். பிளஸ் டூவோடு படிப்பை விட்டுவிட்டு மட்டையை மட்டும் நம்பின திறமைசாலிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

9. பெண் பிள்ளைகள் ஆட்டத்துக்கும் உட்காருங்கள். அவர்கள் இறங்கும்போது எழுந்து டீ குடிக்கப் போகிற பெரிய மனிதர்களைப் பார்த்துப் பழக வேண்டாம்.

10. வாயைக் கட்டுங்கள். மைதானத்தில் கோச் ஒருத்தர் கத்தினால் போதும். பயலின் ஒரு கோலை செல்போனில் எடுத்து ‘அடுத்த தன்ராஜ்’ என்று ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். மறு ஆட்டத்தில் அவன் உங்கள் போனுக்குத்தான் ஆடுவான், பாஸ் கொடுக்க மாட்டான். சில சமயம் பையனின் அப்பாவே உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ‘அண்ணாச்சி, நம்ம பய இந்தியாவுக்கு ஆடுவானா?’ என்று கேட்பார். ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். மாநிலத் தேர்வு என்றைக்கு என்று தெரியுமா, பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு எழுத்தாவது மாறியிருக்கும். மறுநாள் காலையிலேயே இ-சேவை மையத்துக்கு அனுப்பிவையுங்கள்.