ஏடும் காடும்

நுழையும்முன்

யானையையும் புலியையும் காண அடர்காட்டிற்குச் செல்ல வேண்டும். அணிலையும் காகத்தையும் காண வீட்டுத் திண்ணையே போதும். ஆயினும், திண்ணையில் அமர்ந்து ஓர் அணிலை அரைமணி நேரம் உற்றுநோக்கியவர் நம்மில் எத்தனை பேர்? அருகிலுள்ள உயிர்களைப் பார்ப்பதை நூல் படிப்பதற்கு நிகரான இன்பமாகக் கொண்டு, அதனையே தம் வாழ்நாள் எழுத்தாக்கியவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். அவர் வளர்ந்த வீட்டையும் அவருடைய பார்வை உருவான வகையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

எழுத்து வாழ்ந்த வீடு

தமிழ்ப் புதின வரலாற்றைத் தொடங்கும் எவரும் அ. மாதவையாவைக் குறிப்பிடாமல் கடக்க இயலாது. நெல்லைச் சீமையைச் சேர்ந்த அவர் உப்புத் துறையில் அரசுப்பணி ஆற்றியவர். பணிக்கிடையே கிடைத்த பொழுதை எழுத்துக்கு அளித்தார். அவருடைய ‘பத்மாவதி சரித்திரம்’ 1898ஆம் ஆண்டு வெளிவந்தது. குழந்தைமணத்தைக் கண்டித்தும் பெண்கல்வியை வலியுறுத்தியும் எழுதிய அவர், பணி ஓய்விற்குப் பின் ‘பஞ்சாமிர்தம்’ என்னும் இதழை நடத்தினார்.

அவருடைய எட்டு மக்களுள் இளையவராக 1912ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் பிறந்தவர் கிருஷ்ணன். தந்தை எழுத்தாளர், தமையனார் மா. அனந்தநாராயணன் பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கியதோடு ஆங்கிலத்தில் புதினமும் படைத்தவர். அறிவியலை எளிய தமிழில் எழுதிப் புகழ்பெற்ற பெ. நா. அப்புசாமியும் இக்குடும்பத்தின் உறவினரே. இத்தகைய குடும்பத்தில் புத்தகம் என்பது பள்ளிக்கு மட்டும் உரிய பொருளாக இருந்திருக்க இயலாது.

1925ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னைப் பல்கலைக்கழகப் பேரவைக் கூட்டத்தில் பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதிட்டுப் பேசிய மாதவையா, பேசி முடித்த சிறிது நேரத்தில் அவ்விடத்திலேயே உயிர்நீத்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ நூலின் மூன்றாம் பாகம் முற்றுப்பெறாமல் நின்றது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தந்தையின் மறைவுக்குப் பின் அச்சிறுவன் எழுத்தைக் கைவிடவில்லை. அதற்குரிய பொருளைத்தான் வேறிடத்தில் தேடிக்கொண்டான்.

மயிலாப்பூர்ப் புதர்கள்

அந்த இடம் நெடுந்தொலைவில் இல்லை. அக்குடும்பம் வாழ்ந்த மயிலாப்பூர், இன்றைய மயிலாப்பூர் அன்று. புதர்க்காடும் வெளியுமாக இருந்த அப்பகுதியில் பறவைகள் மிகுந்திருந்தன. நரிகள் உலவின, வெளிமான்களும் காணப்பட்டன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வீட்டில் வளர்த்தான். இன்று அப்பகுதியில் ஊர்திகளின் நெரிசலில் சாலையைக் கடப்போர், ஒருவரின் வாழ்நாளுக்குள் ஒரு நிலம் இவ்வளவு மாறியதா என்று வியப்பர். வெளிமானைக் காண விரும்பும் சென்னைவாசி இப்போது கிண்டி தேசியப் பூங்காவிற்குச் செல்ல வேண்டியுள்ளது. நரி இருந்ததை அறியாதவருக்கு நரி இல்லாமற்போனதும் தெரிவதில்லை. கிருஷ்ணன் இவ்விரண்டையும் அறிந்தவர். இனிமையும் கூர்மையும் கலந்த அவருடைய எழுத்தில் இடையிடையே தோன்றும் சினத்திற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது தாவரவியல் பேராசிரியர் பைசன் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குப் பேராசிரியர் மேற்கொண்ட களப்பயணங்களில் மாணவர் கிருஷ்ணனும் உடன்சென்றார். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். ஓர் இலையை வரைய முற்படுபவர் அதன் விளிம்பு நேரானதா பற்களுடையதா என்பதை ஒருமுறையேனும் கூர்ந்து பார்த்தாக வேண்டும். தம் கட்டுரைகளுக்குத் தாமே படம் வரையும் வழக்கத்திற்கு இப்பயிற்சி அடித்தளமிட்டது.

கல்லூரியை விட்டு வந்தவருக்கு நிலையான வேலை எளிதில் அமையவில்லை. 1942இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் பணி கிடைத்தது. அங்கு ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் செயலர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். எஞ்சிய நேரத்தில் சண்டூரைச் சூழ்ந்த குன்றுகளில் திரிந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். அஞ்சல் புறாக்களையும் வளர்த்தார். பதவிகளின் பட்டியலைவிட ஆட்டு மந்தையும் புறாக்கூடுமே அவருக்குப் பிற்காலத்தில் பயன்பட்டன என்று கருத இடமுண்டு.

நாற்பத்தாறு ஆண்டுக் குறிப்பேடு

1950ஆம் ஆண்டு, கொல்கத்தாவிலிருந்து வெளிவரும் ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆங்கில நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்னும் தொடரைக் கிருஷ்ணன் தொடங்கினார். நாட்டுப்புறக் குறிப்பேடு என்பது அதன் பொருள். 1996 பிப்ரவரி 18ஆம் நாள் அவர் மறையும்வரை அத்தொடர் நீடித்தது. யானையைப் பற்றி எழுதியவர் அதே அக்கறையுடன் அணில், காகம், ஓணான், தெருநாய் ஆகியவற்றைப் பற்றியும் எழுதினார். நிழற்படக் கலையிலும் தேர்ந்திருந்தார். பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றிணைத்துத் தாமே அமைத்த ஒளிப்படப் பெட்டியைக்கொண்டு, கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார்.

1968இல் ஜவாகர்லால் நேரு ஆய்வுதவி பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இடம்பெற்றார். பெருமைக்குரிய பணிகள் இவை. ஆயினும் அவரைப் பின்பற்ற விரும்பும் மாணவர் தொடங்க வேண்டிய இடம் காக்கைக்கூடுதான்.

குயிலும் காகமும்

கோடைக்காலத்தில் தென்னிந்திய ஊர்களில் குயிலோசை மிகும். ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்து செல்லும் அக்கூவலை எழுப்புவது ஆண் குயில். அதன் உடல் முழுவதும் கறுப்பு; கண்கள் மட்டும் சிவப்பு. பெண் குயிலோ பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்டது. அது எழுப்புவது ‘கிக் கிக்’ என்னும் கூரிய ஒலி. பாடும் குயிலைப் பெண்ணாகவே எண்ணிப் புனைந்த பாடல்கள் ஏராளம். அப்பாடல்களின் இனிமை இதனால் குறைந்துவிடாது. கேட்பவர் உண்மையை அறிந்திருப்பது நன்று.

குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. காகங்கள் ஆண் குயிலைக் கண்டாலே விரட்டுகின்றன. அவை அவ்வாறு அகன்றிருக்கும் வேளை பெண் குயிலுக்கு வாய்ப்பாகிறது. சில வாரங்கள் கழித்து, வளர்ந்த குயில் குஞ்சொன்று கிளையில் அமர்ந்து வாய்பிளந்து கத்த, காகம் அதற்கு இரையூட்டும் காட்சியைக் காணலாம். இதனைக் காண்பதற்குக் கட்டணமோ கருவியோ வேண்டுவதில்லை. மாடியும் மரமும் பொறுமையும் போதும்.

அணிலின் ஒலியும் இவ்வாறே கவனிக்கத்தக்கது. வாலை வெட்டி வெட்டி அசைத்தவாறு ஓர் அணில் இடைவிடாது கத்தினால், அருகில் பூனையோ பாம்போ வல்லூறோ இருக்கக்கூடும். மைனாக்களும் காகங்களும் ஒரு புதரை நோக்கிக் கூடிக் கத்துவதும் அத்தகையதே. பழகிய காதுக்கு இவை வெறும் இரைச்சலாக ஒலிப்பதில்லை. எழுத்துக் கூட்டிப் படித்த குழந்தை, ஒருநாள் சொல்லை முழுதாகப் படிக்கத் தொடங்குவதைப் போன்றதே இப்பழக்கம்.

பாட்டியின் சொற்கள்

ஒரு நாட்டின் தனித்தன்மை அந்நாட்டிற்கே உரிய மரம், செடி, விலங்கு, பறவைகளிலும் உள்ளது என்பது கிருஷ்ணன் உறுதியாகக் கொண்ட கருத்து. சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் அயல்நாட்டு மரங்களை நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். அக்கருத்து மொழிக்கும் பொருந்தும். கம்பியில் அமர்ந்து பூச்சி பிடிக்கும் இரட்டைவால் கறுப்புப் பறவையைக் கரிச்சான் என்பர்; கரிக்குருவி என்பர்; வலியன் என்பாரும் உளர். செம்பழுப்புச் சிறகுடன் வேலியோரம் நடக்கும் பறவை ஓரூரில் செம்போத்து, மற்றோரூரில் செண்பகம். இப்பெயர்களுள் பல பாட்டிமாரின் பேச்சிலும் ஆடு மேய்ப்போர் நினைவிலுமே இன்று தங்கியுள்ளன. அவர்களிடம் கேட்டுவைக்காத பெயர் அவர்களுடனேயே மறைகிறது.

ஊரார் நினைவு பறவைகளையே காத்ததற்கும் சான்றுண்டு. செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல் மக்கள், ஏரியில் கூடும் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வெண்கொக்கு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்களின் முன்னோர் அறிந்திருந்தனர். கிருஷ்ணனும் அவ்வேரியைப் பற்றி எழுதியுள்ளார்.

ஆங்கிலத்தில் பெயர்பெற்ற கிருஷ்ணன் தமிழிலும் இயற்கையைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலில் அவற்றைப் படிக்கலாம். வாழ்வின் இறுதிக்காலத்தில் ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்னும் துப்பறியும் புதினத்தையும் அவர் தமிழில் எழுதினார்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலுள்ள மூத்தோரிடம், அவர்கள் இளமையில் கண்ட பறவைகளின் பெயர்களைக் கேட்டு எழுதுக. அவற்றுள் இன்றும் உங்கள் தெருவில் காணப்படும் ஒன்றைத் தேர்ந்து, ஒரு வாரம் நாள்தோறும் ஒரே நேரத்தில் உற்றுநோக்கி, நீங்கள் கண்டதை மட்டும் ஒரு பக்க அளவில் குறிப்பாக எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.