வீடு காலி செய்யும்போது: குட்டியானையா, பேக்கர்ஸா, பார்சலா?

வட ஆற்காட்டிலிருந்து 1989 செப்டம்பர் 30 அன்று திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. கலெக்டர் அலுவலகம் வேலூர் ரோட்டில் வேங்கிக்காலில் இருப்பதால், அதைச் சுற்றி எழுந்த நகர்களில் மாறுதலில் வந்தவர்களும் மாறுதலில் போகப்போகிறவர்களும் வாடகைக்குக் குடியிருப்பது சகஜம். ஆர்டர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, “வண்டி வாடகை எவ்வளவு ஆகும்?”

அது இரண்டாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. சாமானை யார் கட்டப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செலவும் சேதமும் வண்டியை விட அதைப் பொறுத்தவை. நாமே கட்டி வண்டி மட்டும் பிடிக்கலாம். கட்டுவது முதல் இறக்குவது வரை பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸிடம் ஒப்படைக்கலாம். பெரிய சாமானை விற்றுவிட்டு மிச்சத்தைப் பார்சலில் போடலாம்.

உள்ளூருக்குள், அதாவது வேங்கிக்காலிலிருந்து போளூர் ரோட்டுப் பக்கமோ செங்கம் ரோட்டுப் பக்கமோ போகிறவர்களுக்குப் பேக்கர்ஸ் வேண்டவே வேண்டாம். குட்டியானை எனப்படும் டாடா ஏஸ் போதும். அதற்கு ஏறத்தாழ ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம், முக்கால் டன் தாங்கும். இரண்டு நடை, மூன்று நடை அடித்தால் இரண்டு பெட்ரூம் வீடு காலியாகிவிடும். துணிகளைப் பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டலாம், பாத்திரங்களை அண்டாவுக்குள்ளும் குண்டானுக்குள்ளும் அடுக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள்: ஆறேகால் அடிக்கு ஐந்தடி மெத்தை அந்த வண்டியில் படுக்காது, பக்கவாட்டில் நிறுத்தித்தான் கட்டவேண்டும். பீரோ ஆறரை அடி. அதையும் மெத்தையையும் ஒரே நடையில் ஏற்றிவிட்டு, நடுவில் மெத்தை அணைப்பாக இருக்கும்படி கயிறு போட்டால் இரண்டுக்கும் கேடு வராது.

வேலூர் எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். விழுப்புரம் அதைவிடக் கிட்டம். சென்னை இருநூறுக்குள் அடங்கும். இந்தத் தூரத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். என் கட்சி, கட்டுவதை நாமே வைத்துக்கொண்டு, குட்டியானைக்கு அடுத்த அளவு வண்டிகளான தோஸ்தோ 407-ஓ பிடித்து, ஏற்றவும் இறக்கவும் இரண்டு பக்கமும் லோடுமேன்களைப் பேசிக்கொள்வது. தோஸ்த் எட்டடிக்குச் சற்று மேல், ஒன்றேகால் டன். 407 பத்தடிக்குப் பக்கம், இரண்டு டன்னுக்கு மேலேயே இழுக்கும். இரண்டு பேரும் ஒரு குழந்தையும் உள்ள வீட்டுக்குத் தோஸ்த் சரி. கூடவே சோபா, டைனிங் டேபிள், இரண்டு கட்டில், இரண்டு பீரோ என்றால் 407 பக்கம் போங்கள். வாடகையில் மிச்சம் பிடிக்கச் சின்ன வண்டியைப் பேசிவிட்டு, கடைசியில் பாயும் நாற்காலியும் தலைக்கு மேல் கோபுரமாக ஏற, தெருவில் தாழத் தொங்கும் கேபிள் வயரில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

ரிட்டன் வண்டி கிடைத்தால் பாதி பாரம் குறையும். சென்னையிலிருந்து இங்கே லோடு இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற டிரைவர், போகிற வாடகை மட்டும் கொடுத்தால் ஒப்புக்கொள்வார். ஆனால் அவர் சொல்கிற நேரத்துக்கு நாம் தயாராக இருக்கவேண்டும். முந்தின ராத்திரியே எல்லாம் கட்டி முடித்து வாசலுக்கு வந்திருந்தால்தான் இது ஒத்துவரும். சென்னைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள்: நகருக்குள் பெரிய சரக்கு வண்டிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு உண்டு. அடுக்குமாடிகளில் சாமான் ஏற்றி இறக்க அசோசியேஷன் தனியாக நேரம் வைத்திருக்கும். இரண்டையும் கேட்டுவிட்டுப் புறப்படும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

பேக்கர்ஸை எப்போது கூப்பிடுவது? கோயம்புத்தூர், ஹைதராபாத் என்று நீண்டுவிட்டால், வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தால், கண்ணாடி சாமான் அதிகமிருந்தால், அல்லது இரண்டே நாளில் ஜாயின் பண்ணவேண்டும் என்றால். நான்கு பேர் வந்தால் ஒரு வீட்டை அரை நாளில் சுருட்டிவிடுகிறார்கள். டிவி, ஃபிரிட்ஜ், கட்டிலைக் கழற்றுவது, சோபாவுக்கு ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் சுற்றுவது எல்லாம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகவே வரும். சமையலறையில்தான் சொதப்புவார்கள். துவரம்பருப்பு டப்பாவும் துணி சோப்பும் ஒரே பெட்டிக்குள் போகும், மேலே “கிச்சன் 3” என்று மார்க்கரில் எழுதியிருக்கும். புது வீட்டில் மறுநாள் காலை காப்பிப் பொடியைத் தேடி ஏழு பெட்டியைக் கிழிக்கவேண்டும். பேக்கர்ஸை வைத்தாலும் அடுப்படியை நீங்களே கட்டுங்கள். அவர்களும் அதைத்தான் விரும்புவார்கள்.

அவர்கள் தரும் கொட்டேஷனில் தொகையைவிட, அதில் என்ன எழுதவில்லை என்று பாருங்கள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வண்டி வாசல்வரை வருமா, கட்டிலை அங்கே திரும்பப் பூட்டித் தருவார்களா, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, இவையெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். இன்டர்நெட்டில் மட்டும் முகம் காட்டி, மற்றவர்கள் சொல்வதில் பாதி விலை சொல்லி, சாமான் வண்டியேறியதும் “இன்னும் இவ்வளவு கொடுத்தால்தான் இறக்குவோம்” என்று நிற்கிற கும்பல்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆபீஸ் எங்கே என்று நேரில் பார்க்காமல் பெரிய அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரே வண்டியில் மூன்று நான்கு வீட்டுச் சாமானைச் சேர்த்து ஏற்றும் ‘ஷேரிங்’ மலிவுதான். ஆனால் சாமான் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இருக்காது. பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இன்சூரன்ஸ் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியது. சாமான் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று பேக்கர்ஸ் வாங்கிக்கொள்வார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பெயரும் பாலிசி எண்ணும் உங்கள் பெயரும் அச்சிட்ட தாள் கைக்கு வராவிட்டால், அது வெறும் கூடுதல் கட்டணம். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ ஏற்றிச் சென்றவருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் நீங்கள் மதிப்பைக் குறிப்பிட்டுக் கொடுக்காவிட்டால் அந்தப் பொறுப்புக்கு ஒரு வரம்பு வந்துவிடும். வழக்குப் போடுமுன், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்கவும் வேண்டும். ஆகவே ஏற்றும்போதே சாமான் பட்டியலில் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றுக்காவது மதிப்பை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. அதற்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வங்கி ஊழியர்களுக்குப் பில் பாஸ் ஆகவேண்டும் என்றால், இந்திய வங்கிகள் சங்கத்தின் பட்டியலில் உள்ள டிரான்ஸ்போர்ட்டரா என்பதைச் சங்கத்தின் பட்டியலிலேயே சரிபார்க்கவேண்டும். விசிட்டிங் கார்டில் அச்சடித்திருப்பது போதாது. மாறுதல் பயணப்படி கேட்கிற அரசு ஊழியர்கள் வண்டிக்காரரிடம் தேதி, வண்டி எண், கிலோமீட்டர் எழுதிய ரசீதை அங்கேயே வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனில் கேட்டால் கிடைக்காது.

தனி ஆள், அல்லது புதிதாகக் கல்யாணமானவர்கள் என்றால் மூன்றாவது வழி. கட்டிலையும் பழைய ஃபிரிட்ஜையும் இருநூறு கிலோமீட்டர் இழுப்பதில் லாபமில்லை. இந்த ஊரில் செகண்ட் ஹேண்ட் சாமானுக்கு ஆள் உண்டு. ரமணாசிரமம் பக்கம் சில மாதம் தங்க வருகிறவர்கள் டிசம்பரிலிருந்தே கட்டிலும் ஸ்டவ்வும் தேடுவார்கள். புத்தகம், துணி, பாத்திரத்தை லாரிப் பார்சலில் எடை போட்டு அனுப்பிவிடலாம். சேருகிற ஊரில் குடோனுக்குப் போய் எடுத்துவரும் ஆட்டோக் கூலியையும் கணக்கில் சேருங்கள். ரயில் பார்சல் என்றால் பைக் அனுப்ப நல்லது. பெட்ரோலைச் சொட்டில்லாமல் இறக்கி, ஆர்.சி. நகலோடு போகவேண்டும். திருவண்ணாமலையில் ரயில் சில நிமிடமே நிற்கும் என்பதால், காட்பாடியிலோ விழுப்புரத்திலோ புக் செய்வது உத்தமம்.

இனி, நாமே கட்டுகிறவர்களுக்கு. பெட்டி எங்கே கிடைக்கும்? கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் ஏ4 பேப்பர் வந்த அட்டைப்பெட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். புத்தகத்துக்கு அதைவிடச் சரியான பெட்டி கிடையாது. ஐந்நூறு தாள் கட்டு ஒன்று இரண்டேகால் கிலோவுக்கு மேல். அப்படிப் பத்துக் கட்டு வைத்து வந்த பெட்டி, இருபத்துமூன்று கிலோ தாங்கிப் பழகியது. ஒரு ஆள் தனியாகத் தூக்கும் எடையும் அதுதான். புத்தகத்தைப் பெரிய டிவி பெட்டியில் போட்டால் அடி பிய்த்துக்கொள்ளும், லோடுமேன் முகமும் கோணும். கண்ணாடி டம்ளருக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் உள்ளே தடுப்பு வைத்த மதுபாட்டில் பெட்டிகள் அருமையானவை. பாரில் கேட்க வெட்கப்படுகிறவர்கள் பழைய பேப்பர் கடையில் கேட்கலாம். ஆப்பிள் பெட்டி கெட்டியானது, பிடிக்கத் துளையும் உண்டு. மசாலா டப்பாக்களுக்கு அது போதும். காசு கொடுத்து வாங்கவேண்டியது பேக்கிங் டேப்பும் சணல் கயிறும் மட்டும். பபிள் ரேப்புக்குப் பதில் பழைய வேட்டி, புடவை, துண்டு. அவற்றை எப்படியும் கொண்டுபோகத்தானே வேண்டும்.

எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பேப்பர் சுற்றவேண்டாம், குக்கர் மூடியின் விசிலையும் கேஸ்கெட்டையும் மட்டும் தனிப் பையில் போடுங்கள். கிரைண்டரில் குழவிக் கல்லை வெளியே எடுத்துத் துணி சுற்றி வேறாக வையுங்கள். உள்ளே கிடந்தால் ஆடிக்கொண்டே போய் டிரம்மை உடைக்கும். ஃபிரிட்ஜை முந்தின நாளே ஆஃப் செய்து ஐஸ் கரைத்துத் துடைத்து, நிறுத்திய வாக்கிலேயே ஏற்றுங்கள். சேர்ந்ததும் சில மணி நேரம் விட்டுத்தான் ஆன் செய்யவேண்டும். முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினுக்கு, வாங்கும்போது கழற்றிக் கொடுத்த டிரான்சிட் போல்ட்டுகளை இழுப்பறையில் தேடி எடுங்கள். இன்வர்ட்டர் பேட்டரியில் ஆசிட் இருக்கிறது, சாய்க்கக் கூடாது. வண்டியில் கேபினை ஒட்டி பீரோ, ஃபிரிட்ஜ், பேட்டரி, புத்தகப் பெட்டி. நடுவில் கட்டில் பலகை, மெத்தை. கடைசியில், கையெட்டும் இடத்தில், அடுப்படிப் பெட்டிகள். மழை மாதம் இல்லாவிட்டாலும் தார்ப்பாய் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேஸ் சிலிண்டரை லாரிப் பார்சலிலும் ரயிலிலும் அனுப்பவே கூடாது. உள்ளூருக்குள் மாறினால் ஏஜென்சியில் முகவரி மாற்றம் போதும். தூரத்து ஊர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, டெர்மினேஷன் வவுச்சரோடு போய் அங்கே புதிதாகப் பதிவு செய்யவேண்டும். ஸ்டவ் நம்முடையது, அதைக் கொண்டுபோகலாம். சிலிண்டர் வேலையைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

நாள் பார்ப்பதில் இந்த ஊருக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. பௌர்ணமியில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தித் தற்காலிக பஸ் நிலையம் போடுவார்கள். அன்றும் மறுநாள் காலையும் வண்டி பேசாதீர்கள். கார்த்திகை தீப வாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதோடு அது மழைக்காலம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரத்தின் பக்கம் தேசிய நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடிப் போக்குவரத்து நின்றது. நவம்பர், டிசம்பரில் போயே தீரவேண்டும் என்றால் சாமானுக்கு இரண்டு நாள் முன்பின் இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் குடி போகமாட்டார்கள். அதனால் அந்த மாதங்களில் வண்டியும் சுலபம், வாடகையும் பேசிக் குறைக்கலாம். ஆவணியிலும் தையிலும் வண்டிக்குக் கிராக்கி. அரசு ஆர்டர் ஆடியைப் பார்த்து வராது என்பதால், ஆனியிலேயே ஒரு நல்ல நாளில் புது வீட்டில் பால் காய்ச்சி, ஒரு குடம் தண்ணீர், உப்பு, மஞ்சள், விளக்கு வைத்துவிட்டு வந்து, சாமானை ஆடியில் சாவகாசமாகக் கொண்டுபோகிற வழக்கம் பலரிடம் இருக்கிறது. வாடகை ஒரு மாதம் இரட்டிப்பாகும். வண்டியில் மிச்சப்படுவது அதைச் சரிக்கட்டுமா என்று உங்கள் வாடகையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சரிக்கட்டாது, வீட்டுப் பெரியவர்களின் மனநிம்மதிக்கு ஒரு விலை போட்டால்தான் கணக்கு நேராகும்.

பெட்டிகளுக்கு எண் போடுங்கள். உள்ளே இருப்பதை எண் வாரியாக ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை வண்டியில் போகவிடாமல் கைப்பையில் வையுங்கள். சாவி, மருந்து, சர்டிபிகேட், நகை, சார்ஜர், முதல் ராத்திரிக்கான டம்ளர், தட்டு, ஒரு பாய் இவையும் கைப்பையோடு. புறப்படுமுன் ஈபி மீட்டரைப் போட்டோ எடுங்கள். வண்டிக்காரருக்கும் லோடுமேன்களுக்கும் பேசிய கூலியில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, அங்கே தாளைப் பார்த்துக் கடைசி எண் வரை பெட்டி இறங்கியாகிவிட்டதா என்று சரிபார்த்த பிறகு கொடுங்கள்.