பலகைக்கு என்ன விலை?

உல்லாஸ்நகர் கல்யாணுக்கு அடுத்த ஊர். மும்பையிலிருந்து மின்ரயிலில் போகலாம். 1947-இல் நாடு பிரிந்தபோது சிந்து மாகாணத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் இங்கே வந்தன. கல்யாண் அருகே காலியாகக் கிடந்த இராணுவ முகாம்களில் அவர்களைத் தங்க வைத்தார்கள். பிறகு அந்த இடமே ஊரானது. 1949 ஆகஸ்ட் 8-ஆம் நாள் ஊருக்கு அடிக்கல் நாட்டியவர் இராஜாஜி. அப்போது அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். பக்கத்தில் ஓடும் உல்லாஸ் ஆற்றின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். இன்றும் அங்கே முகவரி சொல்லும்போது "இரண்டாம் கேம்ப்", "நான்காம் கேம்ப்" என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த ஊரில் ஒரு சிறு கடை. பெயர்ப்பலகை செய்யும் கடை. பித்தளைத் தகட்டில் எழுத்துப் பொறித்து, கறுப்பு மை நிரப்பித் தருவார்கள். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் மனைவியும் கடையில் வேலை செய்கிறார். அந்த அம்மாவுக்கு முன்பு எழுதப் படிக்கத் தெரியாது. இரவு வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டார். இப்போது கணக்கு நோட்டு அவர் கையில்தான் இருக்கிறது.

ஒருநாள் மாலை ஒரு சேட் கடைக்கு வந்தார். புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்பின் செயலாளர் அவர். 96 வீடுகள். வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும். 9 அங்குல நீளம், 4 அங்குல அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் கனம். வாசலுக்கு ஒரு பெரிய பலகை. அது 3 அடிக்கு 2 அடி. எல்லாம் பித்தளை.

"ஒரு பலகைக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்று சேட் கேட்டார்.

"அறுநூறு ரூபாய், சேட்."

"நாங்கள் நூறு பலகை எடுக்கிறோம். நானூறு போட்டுக்கொள்ளுங்கள். பெரியதற்கு ஐயாயிரம். நாளைக்குச் சொல்லுங்கள்."

சேட் போய்விட்டார். கடைக்காரருக்குச் சந்தோஷம். மொத்தம் 43,400 ரூபாய்! இவ்வளவு பெரிய வேலை இதுவரை வந்ததில்லை. "கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லிவிடலாம்" என்றார்.

"கண்ணைத் திறந்துகொண்டே சொல்லலாமே" என்றார் மனைவி. நோட்டை எடுத்தார்.

பித்தளை எவ்வளவு?

முதலில் தகட்டின் கணக்கு. பித்தளையை எடை போட்டுத்தான் விற்பார்கள். பலகையையோ அளவு சொல்லிக் கேட்கிறார்கள். எத்தனை சதுர அடிக்கு எத்தனை கிலோ என்று தெரியாவிட்டால் எல்லாம் தப்பாகிவிடும்.

ஒரு சதுர அடிப் பித்தளைத் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால், ஏறக்குறைய 790 கிராம் எடை இருக்கும். கனம் ஒன்றரை மில்லி என்றால் எடையும் ஒன்றரை மடங்கு. அதாவது 1,185 கிராம்.

9 அங்குலத்தை 4 அங்குலத்தால் பெருக்கினால் 36 சதுர அங்குலம். ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம். ஆக, ஒரு சதுர அடியில் நான்கு பலகை வரும். 96 பலகைக்கு 24 சதுர அடி. பெரிய பலகை 6 சதுர அடி. மொத்தம் 30 சதுர அடி. எடை ஏறக்குறைய 36 கிலோ.

ஆனால் 36 கிலோ வாங்கினால் போதாது. வெட்டும்போது ஓரத்தில் துண்டு விழும். ஆகவே 40 கிலோ வாங்க வேண்டும். மும்பை குலால்வாடிச் சந்தையில் கிலோ 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரியும் சேர்த்த விலை இது. (இங்கே சொல்லும் விலையெல்லாம் மாதிரிக்குத்தான். பித்தளை விலை அடிக்கடி மாறும். வாங்கப் போகும் அன்று விசாரிக்க வேண்டும்.) 40 கிலோவுக்கு 28,000 ரூபாய்.

கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறியது. "தகட்டுக்கே இவ்வளவா?"

வேலைக்கு எவ்வளவு?

ஒரு பலகைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பெயரை அளந்து எழுத்தை அடுக்கப் பத்து நிமிடம். தகட்டை வெட்டி, ஓரம் தேய்த்து, துளை போடப் பத்து நிமிடம். மருந்தில் அரிக்க வைத்துக் கழுவப் பத்து நிமிடம். மை நிரப்பி, காய்ந்த பின் துடைத்து, வார்னிஷ் பூசப் பதினைந்து நிமிடம். ஆக 45 நிமிடம்.

இந்த மை நிரப்பும் வேலை மனைவியின் வேலை. இதுவரை அதற்குக் கூலி என்று எதுவும் எழுதியதில்லை.

"வீட்டு ஆளுக்கு ஏது கூலி?" என்றார் கணவர்.

"நான் இல்லாவிட்டால் வேறு ஆளை வைப்பீர்கள் அல்லவா? அவர் சும்மா செய்வாரா?"

அவர் பதில் பேசவில்லை. மனைவி இருவருக்கும் ஒரே கூலியாக எழுதினார். எட்டு மணி நேர வேலைக்கு 1,000 ரூபாய்.

96 பலகைக்கு 72 மணி நேரம். பெரிய பலகைக்கு 8 மணி நேரம். மொத்தம் 80 மணி. அதாவது 10 நாள் வேலை. கடையில் மேசை ஒன்றுதான். ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் கடைக்கு வருகிறவர்களைக் கவனிப்பார்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. பலகையைக் கதவில் மாட்டித் தர வேண்டும். ஒரு கதவுக்குக் கால் மணி நேரம். 96 கதவுக்கு 24 மணி நேரம். இன்னும் 3 நாள்! ஒற்றைப் பலகை செய்யும்போது, போகிற வழியில் மாட்டிவிட்டு வருவார்கள். அது கணக்கிலேயே வராது. தொண்ணூற்றாறு கதவு என்றால் அது தனி வேலை.

கடைக்கும் செலவு உண்டு. மாதம் வாடகை 9,000. மின்சாரம் 2,400. இயந்திரப் பழுது, தொலைபேசி எல்லாம் 1,100. கூட்டினால் 12,500. மாதத்தில் 25 நாள் கடை திறக்கிறார்கள். ஒரு நாளைக்கு 500 ரூபாய். இந்த வேலைக்கு 13 நாள் போகிறது. அந்த 13 நாள் செலவை இந்த வேலைதான் தர வேண்டும்.

நோட்டில் இப்படி எழுதினார்:

பித்தளை 40 கிலோ — 28,000
கூலி 13 நாள் — 13,000
கடைச் செலவு 13 நாள் — 6,500
மருந்து, மை, வார்னிஷ், திருகு — 4,000
பழுதாகும் பலகைக்கு — 1,500
டெம்போ வாடகை — 1,000
மொத்தம் — 54,000

சேட் சொன்னது 43,400. சரி என்று சொல்லியிருந்தால் 10,600 ரூபாய் நட்டம். பதின்மூன்று நாள் உழைத்துவிட்டு, கூலியில் பெரும்பகுதியை இழந்திருப்பார்கள். 

நிறைய எடுத்தால் குறையுமா?

"நிறைய எடுக்கிறேன், குறைத்துக் கொடு" என்று யாரும் கேட்பார்கள். சில வேலையில் அது நியாயம்தான். "வெளியே செல்லும் வழி" என்று ஒரே எழுத்தை நூறு பலகையில் பொறித்தால், எழுத்தை ஒருமுறை அடுக்கினால் போதும். பெயர்ப்பலகை அப்படியல்ல. ஒவ்வொன்றிலும் வேறு பெயர். ஒவ்வொன்றையும் புதிதாக அடுக்க வேண்டும். மை நிரப்பும் கைக்கு முதல் பலகையும் ஒன்றுதான், தொண்ணூற்றாறாம் பலகையும் ஒன்றுதான். மொத்தமாகத் தகடு வாங்குவதில் மட்டும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

செலவு 54,000. அதற்கு மேல் நூற்றுக்கு இருபது இலாபம் வைத்தார்கள். 10,800 ரூபாய். ஆக 64,800. பலகைக்கு 560 ரூபாய், பெரிய பலகைக்கு 11,000 ரூபாய் என்று பிரித்தார்கள். கூட்டினால் 64,760 வருகிறது. இலாபம் எதற்கு, கூலிதான் எடுத்தாயிற்றே என்று சிலர் நினைப்பார்கள். வேலை வராத மாதத்தில் வாடகை கொடுக்கவும், இயந்திரம் தேய்ந்தால் புதிது வாங்கவும் பணம் எங்கிருந்து வரும்?

மறுநாள் சேட் வந்தார். விலையைக் கேட்டார். "எங்கள் கமிட்டி ஐம்பதாயிரத்துக்கு மேல் தராது" என்றார்.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கிவிடுகிறார்கள். வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து, "சரி, ஐம்பதாயிரமே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை.

"ஐம்பதாயிரத்துக்குள் முடிக்கலாம், சேட். ஆனால் இதே பலகை அல்ல" என்றார்.

தகட்டின் கனத்தை ஒரு மில்லியாகக் குறைக்கலாம். வீட்டுக் கதவுக்கு அது போதும். 40 கிலோவுக்குப் பதில் 27 கிலோ வாங்கினால் போதும். 9,100 ரூபாய் குறையும். பலகை மாட்டும் வேலையைக் குடியிருப்பின் தச்சரே செய்துகொள்ளட்டும். மூன்று நாள் கூலி 3,000, கடைச் செலவு 1,500 குறையும். இப்போது செலவு 40,400. இலாபம் சேர்த்தால் 48,480. பலகைக்கு 420, பெரியதற்கு 8,200. மொத்தம் 48,520 ரூபாய்.

சேட் நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எண்கள் தெரியும். ஒப்புக்கொண்டார்.

எழுதி வாங்கிய தாள்கள்

வேலை தொடங்கும் முன் இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள்.

ஒன்று, பெயர்ப் பட்டியல். சிந்திக் குடும்பப் பெயர்கள் பல 'ஆனி' என்று முடியும். நடுவில் ஓர் எழுத்து மாறினால் வேறு குடும்பமாகிவிடும். ஆகவே 96 பெயரையும், பலகையில் எப்படி வருமோ அப்படியே தாளில் அச்சடித்தார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தம் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார்கள். இதற்கு மூன்று நாள் ஆனது. சேட்டுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் பித்தளையில் பொறித்ததை அழிக்க ரப்பர் கிடையாது.

இன்னொன்று, பணம் பற்றியது. பாதிப் பணம் முன்பணம். அது 24,260 ரூபாய். தகட்டுக்கு 18,900 ரூபாயும் மருந்து, மைக்கு 4,000 ரூபாயும் அதிலேயே அடங்கிவிட்டன. வட்டிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மீதிப் பணம் பலகை கொடுத்த 15 நாளில் தர வேண்டும் என்று எழுதினார்கள்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் சிறு தொழில்களுக்காக ஒரு சட்டம் வந்தது. பதிவு செய்த சிறு தொழில்காரரிடம் பொருள் வாங்கியவர், எழுதி ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாள் 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் எழுதாவிட்டால் 15 நாளில் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி சேரும். 2020-இலிருந்து இந்தப் பதிவுக்கு 'உத்யம்' என்று பெயர். கட்டணம் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வேலை நடந்தது. தகட்டை அரிக்கும் மருந்து பெர்ரிக் குளோரைடு. கையில் பட்டால் கறை போகாது, கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை போட்டே செய்தார்கள். பயன்படுத்திய மருந்தில் செம்பு கலந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஊருக்குள் ஓடும் வால்துனி ஆறு ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது. மூடிய கேனில் சேர்த்து, இரசாயனக் கழிவு எடுப்பவரிடம் கொடுத்தார்கள். அதற்கு 600 ரூபாய் ஆனது. நோட்டில் அந்தச் செலவு இல்லை! இலாபத்திலிருந்துதான் கொடுத்தார்கள். மனைவி மறுநாளே நோட்டில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: "கழிவு மருந்து".

பலகைகளைக் கொடுத்த பிறகு ஒரு வீட்டுக்காரர் வந்தார். தம் பெயரில் ஓர் எழுத்து தப்பு என்றார். பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். அவர் மகன் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். 420 ரூபாய் கொடுத்து வேறு பலகை செய்துகொண்டார். மீதிப் பணம் பன்னிரண்டாம் நாள் வந்தது.

நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பள்ளிக்கூடம் 48 பித்தளைப் பலகை கேட்கிறது. ஒவ்வொன்றும் 12 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 2 மில்லிமீட்டர் கனம். எத்தனை சதுர அடித் தகடு வேண்டும்? எடை எத்தனை கிலோ? வெட்டும்போது விழும் துண்டுக்கும் சேர்த்து எத்தனை கிலோ வாங்குவீர்கள்?