ஹெர்பிஸ் ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ வந்தால்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ‘ஃபுல் பாடி பேக்கேஜ்’ எடுத்தவருக்கு வாட்ஸ்அப்பில் ‘ஹெர்பிஸ் பாசிட்டிவ்’ என்று வந்தால் தலை சுற்றத்தான் செய்யும். வீட்டில் சண்டை மூளும் முன் ரிப்போர்ட்டை ஒழுங்காகப் படியுங்கள்.

ரத்தத்தில் தேடும் எதிர்ப்புப் புரதங்களில் ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்றால் அதை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு எழுதித்தரும் டார்ச் டெஸ்டில் பலரைக் கலங்கடிப்பது இதுதான்.

இன்னொரு வகையான ஐஜிஜி என்றால் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். பல கிட்களில் 0.9 முதல் 1.1 வரை இரண்டுங்கெட்டான். அதைத் தாண்டினாலே ‘பாசிட்டிவ்’ என்று அச்சாகிவிடும். ஆனால் ஹெர்பிஸ் வைரஸின் இரு வகைகளில் டைப் 2-இல் எண் 3-க்குக் கீழே இருந்தால் தவறாகவும் இருக்கலாம். வேறு முறையில் இன்னொரு டெஸ்ட் செய்து உறுதிப்படுத்தச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் 2021 வழிகாட்டி. அதே லேபில் அதே கிட்டில் மறுபடி எடுப்பது காசுக்குக் கேடு.

டைப் 1 என்றால் சின்ன வயதில் யாரோ கொஞ்சி முத்தமிட்டபோதே ஒட்டியிருக்கலாம். துணையைச் சந்தேகிக்காதீர்கள்.

அண்மையில்தான் தொற்றியிருக்குமோ என்று சந்தேகம் என்றால், ரத்தப் பரிசோதனையை 12 வாரம் கழித்து எடுத்தால்தான் நம்பலாம். புண் இருந்தால் காயும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். அதிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் செய்யும் பிசிஆர் டெஸ்ட், ரத்தப் பரிசோதனையைவிடத் தெளிவு. லிங்கராஜபுரத்துக்காரர்களுக்குச் சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரி தோல் பிரிவு பக்கம்தான். நேரில் போகக் கூச்சமா? தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் உதவி எண் 1097-க்குப் பேசுங்கள், கட்டணமில்லை.