உடைந்த ஓட்டுக்கும் வேலை உண்டு

அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ பழைய ஓட்டு வீட்டை இடிக்கும்போது நின்று பார்த்திருக்கிறீர்களா? கதவு, நிலை, உத்தரம் எல்லாம் விலை போய்விடும். ஓடுகளை மட்டும் பள்ளத்தில் கொட்டிவிடுவார்கள். அந்த ஓட்டுக்கும் வேலை கொடுத்த ஒருவரின் வீட்டைக் காண்போம், வாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் செல்ல வேண்டும். அங்கே நாலாஞ்சிராவில், ஒரு பாறைச் சரிவில் 'ஹேம்லெட்' என்னும் வீடு இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவர் லாரி பேக்கர் (1917–2007). இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவையே தம் நாடாகக் கொண்ட கட்டடக் கலைஞர். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். பழைய வீடுகளின் மரவேலைகள் இவ்வீட்டில் மறுபடி இடம் பெற்றன. உடைந்த பீங்கானும் வண்ணக் கண்ணாடியும் சுவர்ச் சித்திரமாயின.

இது வெறும் விநோத ஆசையா? இல்லை. பேக்கர் கட்டிய பல கூரைகளில் கான்கிரீட்டுக்குள்ளேயே பழைய மங்களூர் ஓடுகள் புதைந்திருக்கின்றன! கூரை பலவீனம் அடையாதா? ஒரு சோதனை செய்து பாருங்கள்.

நீளமான, தடித்த ரப்பர் அழிப்பான் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில், மேலிருந்து கீழாகச் சம இடைவெளியில் கோடுகள் போடுங்கள். இரு முனைகளையும் தாங்கிப் பிடித்து நடுவில் அழுத்துங்கள். கோடுகள் மேற்புறம் நெருங்குகின்றன, கீழ்ப்புறம் விலகுகின்றன. அதாவது மேற்பகுதி அமுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. இடையில் ஒரு தளத்தில் இரண்டும் இல்லை.

இரு சுவர்களின்மேல் கிடக்கும் கூரையும் இப்படித்தான் வளைய முயல்கிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுப்பை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். ஆகவே இழுப்பைத் தாங்கக் கீழ்ப்புறம் இரும்புக் கம்பிகளை வைக்கிறோம். அப்படியானால் கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட்டுக்கு அங்கே அதிக வேலை இல்லை அல்லவா? அந்த இடத்தில்தான் ஓடு உட்காருகிறது. கம்பியைச் சுற்றியும் ஓட்டுக்கு மேலேயும் கான்கிரீட் இருந்தே தீர வேண்டும். எங்கே, எவ்வளவு என்பதைப் பொறியாளர் கணக்கிட வேண்டும்.

இரண்டு ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தால் நடுவே காற்று சிறைப்படும். அசையாத காற்று செங்கல்லைவிட இருபது மடங்குக்கு மேல் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இது பெரிய லாபம். பேக்கரின் 'எலிப்பொறிக் கட்டு' சுவரிலும் இதே தத்துவம்தான். செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவதால் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம்.

மிச்சமாவது பணம் மட்டுமா? கான்கிரீட் குறைந்தால் மணலும் குறையும். அந்த மணல் எங்கிருந்து வந்தது? தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010-இல் ஐந்தாண்டுத் தடை விதிக்க நேர்ந்தது. ஆற்று மணல் மழைநீரைத் தேக்கி வைத்து நம் கிணறுகளுக்கு ஊட்டுகிறது. அதைக் கூரையில் வீணாக முடக்கலாமா?

இறுதியாக ஒரு கேள்வி. சன்னலுக்கு மேல் நீண்டு நிற்கும் சன்ஷேடு ஒரு முனையில் மட்டுமே தாங்கப்படுகிறது. அதில் கம்பி மேற்புறம் இருக்க வேண்டுமா, கீழ்ப்புறமா? தவறினால் ஒடிந்து விழும்! விடை உங்கள் அழிப்பானிலேயே இருக்கிறது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அழுத்திப் பாருங்கள்.